எஸ்தர் டீச்சர் வாயில் ஒரு கிராம்பு

செய்தி வந்தபோது நான் திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பள்ளி வாட்ஸப் குழுவில் ஒரே வரி: எஸ்தர் டீச்சர் தவறிவிட்டார். நான் நம்பவில்லை. யார் எதைச் சொன்னாலும் “நீ பாத்தியா?” என்று கேட்டு நம் உயிரை வாங்கியவர் அவர். அம்பத்தூரில் இறங்கி நேரே கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பார்த்தேன். வாய்விட்டு அழுதேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அந்தக் கிராம்பு நினைவிருக்கும். நான்காம் வகுப்பு அறிவியல் பாடம் தொடங்கும் முன் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். பல்வலியா என்று ஒருமுறை கேட்டேன். “பல்லுக்கு ஒண்ணும் இல்ல வசந்தா. பதில் முந்திக்கினு வருது, அதுக்குக் காவல்” என்றார். பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்துவிட்டால், அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை அவர் வாயிலிருந்து கேள்வி மட்டும்தான் வரும். பக்கத்து அறையில் தமிழ் நடத்திய எனக்கு அந்த இரைச்சலில் மண்டை காயும்.

நோட்டில் எதுவும் எழுதுவதில்லை என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னார்கள். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: “ஆய்வுக்கு அதிகாரி வர்றார். அவர் வேணாம்னா இந்த டப்பா, பாட்டில் எல்லாத்தையும் மூட்டை கட்டிடணும், டீச்சர்.”

அதிகாரி வந்தார். எந்தச் சோப்பு அதிகம் நுரைக்கும் என்பது அன்றைய சோதனை. எப்போதும் கேன் தண்ணீரில்தான் செய்வார்கள். அன்று ஆயாம்மா அவசரத்தில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டார். பிள்ளைகள் குலுக்குகிறார்கள், குலுக்குகிறார்கள், ஒரு பாட்டிலிலும் நுரை இல்லை. “இதுதான் செய்முறையா?” என்றார் அதிகாரி. வாசலில் நின்ற எனக்கே உள்ளே ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. எஸ்தர் டீச்சர் கிராம்பைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் நடுவிலிருந்து ஷாலினி எழுந்தாள். “மிஸ், எல்லா சோப்புமா கெட்டுப்போவும்? தண்ணி மேலதான் டவுட்டு. எங்க ஊட்டு போர் தண்ணியும் இப்டித்தான் கீது.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றார் டீச்சர்.

அவள் தன் பையிலிருந்து குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்தாள். ஒரு பாட்டிலில் அதை ஊற்றி, போர் தண்ணீர் பாட்டிலை அதிகாரியிடம் நீட்டினாள். “ஒரே சோப்பு, ஒரே அளவு. நான் குலுக்கற மாரியே நீங்களும் குலுக்கணும் சார்.” அவர் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் பாட்டிலில் நுரை கழுத்துவரை பொங்கியது. அவருடையதில் வெறும் கலங்கல். வகுப்பு கூரையைப் பிய்த்தது. “இன்னொரு தடவை பாப்போம்” என்று அதிகாரியே கேட்டார். போகும்போது, “டீச்சருக்கு இன்னொரு அலமாரி கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயமாக இல்லையா என்று பிறகு கேட்டேன். “உயிரே போச்சு. கிராம்ப முழுங்கிட்டேன்” என்றார்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த வகுப்பும் அலமாரியும் எனக்கு வந்தன. அடக்கம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று ஒருத்தி கேட்டாள்: “மிஸ், முளைச்ச பயற தலைகீழா வெச்சா வேரு மேல போவுமா?” பதில் நாக்கு நுனியில் நின்றது. அவரைப் போலவே ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன். “வெச்சுப் பாரு.”

அவர் எனக்கு விட்டுப்போனது இந்தக் கிராம்பும் ஒரு கேள்வியும்தான். சில நாட்களில் அவளே கண்ணாடி டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மிஸ்! வேரு வளைஞ்சு கீழ வந்துகினு கீது!”

“நீ பாத்தியா?” என்றேன்.

“நானே பாத்தேன் மிஸ்!”