பார்சலக்கா

என் தங்கை ஜெயித்தவை இவை. வண்டியே வராத எங்கள் ஊருக்கு வாரம் ஆறு நாளும் பார்சல் வேன் வர வைத்தாள். "பொம்பளைகிட்ட குடுத்தா தேறுமா?" என்று இழுத்தடித்த பார்சல் கம்பெனி ஆபீசிலேயே, புகார் இல்லாத மையம் என்று பேர் வாங்கினாள். "என் கடைக்கு வர்றவங்கள எல்லாம் போன்ல இழுத்துட்டா" என்று திட்டிய மளிகைக்காரரையே ஆர்டர் போட வைத்தாள். ஊருக்கே அவள் பார்சலக்கா.

நான் எட்டாவது வரை படித்தேன். அவள் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது; அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். வீட்டு முன்னறையில் பார்சல் மையம் வைப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். படிப்பு என்ற கட்டத்தில், அவளைக் கேட்காமலே, என் எட்டாம் வகுப்பை எழுதினேன். கையெழுத்தையும் நானே போட்டேன்.

டிரைவர் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள பெயரைச் சத்தமாகப் படித்து இறக்குவார். அவள் உடனே அதன்மேல் படம் போடுவாள். தையல்காரிக்குக் கத்தரிக்கோல், கொத்தனாருக்கு ஏணி, மளிகைக்காரருக்குத் தொப்பை. மூன்று வருடம் ஒன்றுகூட மாறியதில்லை.

பிறகு புது டிரைவர் வந்தார். பெயர்களைப் படிக்காமல் மூட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று நான் ஊரில் இல்லை. தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து யாருடையது என்று அவளே ஊகித்துக் கொடுத்தாள். ஊர்ப் பள்ளி டீச்சரின் தலைச்சாயம் மளிகைக்காரருக்குப் போனது. அவருடைய தொப்பை குறைக்கும் பெல்ட் டீச்சருக்குப் போனது. அவள் கை தவறாது என்ற நம்பிக்கையில் இருவரும் பேரைப் பார்க்காமலே பிரித்துவிட்டார்கள். டீச்சர் புகார் கொடுத்தார்.

மறுவாரம் அதிகாரி வந்து ஒரு பெட்டியை நீட்டினார். "இதுல என்ன பேர் இருக்கு? படிங்கம்மா."

முன்னறையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டா சார்."

"இதுதானே வீடு?"

"இல்ல சார்... ஒடஞ்சு போச்சு."

"சும்மா இரு அக்கா" என்றாள் தங்கை. "கண்ணு நல்லாத்தான் தெரியுது சார். எழுத்துதான் தெரியாது."

கூட்டத்தில் நின்ற மளிகைக்காரர் கேட்டார்: "அப்போ அந்த வட்டம் என் வயிறா? நான் கம்பெனி முத்திரைன்னுல்ல நெனச்சேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவள் மறைக்கச் சொல்லி நான் மறைக்கவில்லை. எழுதத் தெரியாத தங்கை எனக்குக் கேவலமாக இருந்தாள், அவ்வளவுதான்.

அதிகாரி புதுப் படிவம் வைத்தார். ஒரு மாதத்துக்குள் அவளே கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மையம் வேறு ஊருக்குப் போய்விடும்.

அவள் என்னிடம் வரவில்லை. புகார் கொடுத்த டீச்சரிடமே போனாள். "ஏன்டி, நான் சொல்லித் தர மாட்டேனா?" என்றேன்.

"நீ எனக்குப் பதிலா எழுதிருவக்கா."



இருபத்தாறாவது நாள் படிவத்தோடு உட்கார்ந்தாள். ஐந்து எழுத்துப் பேர். நான்காவது எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்தது. திருத்தக் கை நீட்டினேன், நிமிர்ந்து பார்த்தாள், இழுத்துக்கொண்டேன். ஐந்தாவதையும் எழுதி, பக்கத்தில் தேதியையும் தானே போட்டாள்: 14.3.2023.