வறுத்த அரிசி மணக்கும் கமரா

கமரா என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் முதலில் வருவது வறுத்த அரிசியின் மணம்தான். கடற்காற்று ஓயாத கொழும்பு வெள்ளவத்தையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், என் சின்னம்மா தன் கமராவை ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பொன்னிறமாக வறுத்துத் துணியில் முடிந்த ஒரு "சுண்டு" அளவு அரிசியோடு வைத்திருப்பார். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளுமாம். மாதத்துக்கு ஒருமுறை அவர் அந்த அரிசியை மாற்றும்போதெல்லாம், "அரிசி விக்கிற விலையில இவள் கமராவுக்குச் சோறு போடுறாள்" என்று அம்மா முணுமுணுப்பார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. காப்புறுதி அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தார். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைவிடக் குருவிகளைத்தான் உன்னிப்பாகப் பார்த்தவர். வெளிநாட்டுக்குப் போன சிநேகிதி ஒருத்தி விட்டுச்சென்ற பழைய கமராவும் முழங்கை நீள லென்ஸும் அவரிடம் இருந்தன. அது போர்க்காலம். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு சந்திக் கடைக்குப் போய்வருவதே ஒரு காரியமாக இருந்த அந்த நாட்களில், அப்படியொரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போக எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகக் கிடைத்ததே எனக்குப் பெரும் பேறாக இருந்தது.

நாற்றமடிக்கும் அந்தக் கால்வாயில் இத்தனை உயிர்கள் இருந்ததை நான் சின்னம்மாவின் கமராவால்தான் அறிந்தேன். சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகங்கள், குப்பைக்கு நடுவே கால் நனையாமல் நடக்கும் கொக்குகள், வாழைத்தண்டு மிதந்து வருகிறதென்று நாம் நினைக்கும்போது நாக்கை நீட்டும் நீருடும்பான "கபரகொய்யா" என்று எல்லாவற்றையும் அவர் பிடித்துவிட்டார். அகப்படாதது ஒரு மீன்கொத்திதான். கால்வாய் கடலில் சேரும் இடத்தில், ரயில் பாலத்துக்கு இப்பால், தண்ணீரில் குத்தி நின்ற வளைந்த கம்பியொன்றில் அது வந்து உட்காரும். ஆளைக் கண்டதும் நீலக் கோடாய்ப் பறந்துவிடும். சின்னம்மா ஏழு சனிக்கிழமைகள் அதற்காகப் போனார். ஒவ்வொரு முறையும் அதே சாம்பல் நிறச் சேலை, அதே நேரம், முந்திய கிழமையைவிட இரண்டே அடி முன்னால். "அது எங்களப் பழக வேணும். நாங்கள் அவசரப்பட்டா அதுக்கென்ன?" என்பார். அலுவலகத்தில் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாத அந்த மனுஷி, சேற்றில் ஒன்றரை மணி நேரம் இமை கொட்டாமல் நிற்பதைப் பார்த்து நான் வாய் பிளந்திருக்கிறேன்.

ஏழாவது சனிக்கிழமை மீன்கொத்தி பறக்கவில்லை. சின்னம்மா முப்பத்தாறு படச் சுருளின் கடைசிப் படத்தை எடுத்து முடித்த சமயம், பாலத்துக் காவலரணிலிருந்து ஆமிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். வழக்கமாக நிற்பவர் எங்களை அறிந்தவர், சிரித்துக் கையசைப்பார், இவர் புதியவர். "நங்கி, மொனவத பொட்டோ கன்னே?" என்று, தங்கச்சி, எதைப் படம் எடுக்கிறீர்கள் என முதலில் என்னைத்தான் கேட்டார். மீன்கொத்திக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பயத்தில் பாதி விழுங்கி, "...கொத்தி" என்றேன். போதாததற்கு, அவரைக் கண்டு பறவை பறந்துபோன திசையில் விரலையும் நீட்டினேன். விரலுக்கு நேரே நின்றது பாலம்.

சிங்களத்தில் "கொட்டி" என்றால் புலிகள். அந்த நாட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பிறகு சின்னம்மா நல்ல சிங்களத்தில் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. எங்களைக் கூட்டிப்போன பொலிஸில் வறுத்த அரிசி முடிச்சைக்கூட அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். கமராவையும் சுருளையும் சின்னம்மாவின் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு, பிலிம் கழுவிப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பாலத்தைப் படம் எடுத்தவர்களை உள்ளே போட்டால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

"படத்தில பாலம் விழுந்திருக்கோ?" என்று அப்பா அன்று பத்துத் தடவை கேட்டிருப்பார். "மெல்லக் கதையுங்கோப்பா! பாலம் விழுந்திட்டுதெண்டு ஆரும் கேட்டா எல்லாரும் உள்ளுக்கதான்" என்று அம்மா ஜன்னலைச் சாத்தினார். இன்று சிரிப்பு வருகிறது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னம்மா மட்டும் "தெரியேல்லை அத்தான்" என்றார். அந்தச் சொல்லைச் சொன்னது நான்தான் என்று ஒரு தடவைகூட அவர் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா, சின்னம்மா, நான் என்று மூவரும் போனோம். பொறுப்பதிகாரி முப்பத்தாறு படங்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். கொக்குகளையும் கபரகொய்யாவையும் ஒதுக்கிவிட்டுக் கடைசிப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். படம் முழுக்க மீன்கொத்தி. கண்ணில் ஒரு பொட்டு வெயில், அலகு நுனியில் விழப்போகும் ஒரு துளி நீர். அப்படியொரு அழகை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கே எடுத்தது என்று அவர் கேட்டார். பாலத்தடியில் என்றார் சின்னம்மா. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாலம கோ?" பாலம் எங்கே என்ற அந்தக் கேள்வி எனக்கும் விளங்கியது.

சின்னம்மா எழுந்து போய், பறவைக்குப் பின்னால் கலங்கிக் கிடந்த சாம்பல் பச்சையின் மேல் விரலை வைத்து, "மே தியென்னே" என்றார். இதோ இருக்கிறது.

அதிகாரி படத்தைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்தார். அது பாலமா, பற்றையா, மேகமா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அவர் சிரித்துவிட்டார். மற்ற எல்லாவற்றையும் திருப்பித் தந்து, அந்தப் படத்தை மட்டும் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிலிஹுடுவா" என்று சொல்லச் சொன்னார். மீன்கொத்திக்குச் சிங்களப் பெயர். சரியாக வரும்வரை மூன்று முறை சொன்னேன். அவர் அன்பாகத்தான் சொல்லித் தந்தார். இருந்தும் நான் சின்னம்மாவின் சேலைத் தலைப்பை விடவேயில்லை.

சின்னம்மா அதற்குப் பிறகு கால்வாய்க்குப் போகவில்லை, அம்மா விடவில்லை. இப்போது அங்கே காவலரண் இல்லை, வளைந்த கம்பியும் இல்லை. கரையோரம் நடக்க வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டி நினைத்ததை நினைத்தபடி படம் எடுக்கிறார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை. நெகட்டிவிலிருந்து மறுபடி போட்ட அந்த மீன்கொத்தி என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சென்ற வருடம் கனடாவிலிருந்து வந்திருந்த சின்னம்மா, பார்வை மங்கிய கண்ணால் அதைத் தடவிப் பார்த்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்: "பாலம் விழாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ, சின்னம்மா?"

"பாலத்த ஆர் பாத்தது பிள்ளை? நான் குருவியத்தான் பாத்தனான்" என்றார்.