எலிமேல் பொறாமை

ஒரு கையில், இறைச்சி பொதிந்த பூரெக் அடையின் கடைசித் துண்டு. எண்ணெய் படாத கையால் திரையிலிருக்கும் நரம்பணுவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் விஷ்ன்யா. முன்னால், பின்னால், தலைகீழாக. அடுக்கடுக்காகப் படமெடுத்துச் சேர்த்த முப்பரிமாண உருவம் அது. இலையுதிர்ந்த மரம்போல இருக்கும். அதன் ஒவ்வொரு கிளையையும் கோடிட்டு அளப்பது அவள் வேலை. கிளை குறைந்திருந்தால், "பாவம்டி, இது மொட்டை" என்பாள் என்னிடம். அடர்ந்திருந்தால் உதட்டைச் சுழித்துக்கொள்வாள்.

ஸாக்ரெபில் எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பெரிய பொறாமைக்காரி தான்தான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். டிராமில் எதிரே ஒரு குழந்தை ஆரஞ்சு உரித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். அவள் மகள் மிர்ணாவுக்கு ஒன்பது வயது. தத்தித் தத்திப் பேசிய குழந்தை, கரண்டி பிடித்துச் சாப்பிட்ட குழந்தை. இரண்டு வயதுக்குள் ஒவ்வொன்றாக எல்லாம் விட்டுப்போயின. இப்போது விழித்திருக்கும் நேரமெல்லாம் கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். நரம்பணுக்களின் கிளைகளைக் குறைத்துவிடும் அதே மரபணுக் கோளாறுள்ள எலிகளைத்தான் நாங்கள் ஆராய்கிறோம்.

எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்று தெரியாமல்தான் அளப்போம். எந்தெந்த எலிக்கு என்பதைப் போன வெள்ளிக்கிழமை பேராசிரியர் சினிஷா வெளியிட்டார். அடர்ந்த அணுக்களில் பெரும்பாலானவை மருந்து வாங்கிய எலிகளுடையவை. கைதட்டல் எழுந்தது. ரக்கியா மதுப் புட்டி திறந்தார்கள்.

"முதல் கிளாஸ் உனக்குத்தாம்மா. சந்தோஷமா எடுத்துக்க!" என்று விஷ்ன்யாவிடம் நீட்டினார் சினிஷா.

"எனக்கு வயிறு எரியுது சார்."

வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்கு எப்ப சார் வரும்?"

சினிஷா கோப்பையைக் கீழே வைத்தார். "வருஷக்கணக்காகும். வருமான்னே இப்ப சொல்ல முடியாது."

அவள் எழுந்து எலிகள் இருக்கும் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மருந்து வாங்கிய எலி ஒன்று கூண்டில் குந்தியிருந்து, சூரியகாந்தி விதையை இரு கைகளாலும் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியாடி, எவ்வளவு அழகாப் பிடிச்சிருக்கு!" என்றாள். "என் பொண்ணுக்கு இல்லாத கை இந்தச் சனியனுக்கு எதுக்கு?"

கூண்டைத் திறந்து விதையைப் பிடுங்கிக்கொண்டாள். எலி இரு கைகளையும் தூக்கியபடி அப்படியே நின்றது. விஷ்ன்யா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, விதையைக் கீழே போடாமல், அந்தக் கைகளுக்கு நடுவிலேயே கொண்டுபோய் வைத்து, அவை இறுகப் பிடிக்கும்வரை தன் விரலை எடுக்காமல் இருந்தாள்.