பஸ் டிரைவர் முகத்துப் புலி

குவாக் பொக்-நிம்மை ஓவியர் என்று யாராவது சொன்னால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். தேகு நகரத்தில் ஒரு டை கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் துணியில் கோடு போட்டு வெட்டியவள் அவள். அவள் வெட்டிய டைகளை யார் யாரோ கட்டிக்கொண்டு போனார்கள். பின்பக்கத்து லேபிளில் இருந்ததெல்லாம் ஊர் பேர் தெரியாத கம்பெனிகளின் பெயர்கள். கம்பெனியை மூடியபோது கையில் மிஞ்சியது, கோணாமல் ஒரு கோடு இழுக்கும் பழக்கம் மட்டும்தான்.

நாட்டுப்புற ஓவிய வகுப்பில் அவள் சேர்ந்தது கலை ஆர்வத்தால் அல்ல. வகுப்பு நடக்கும் வட்டார மன்றத்தில் தரை கதகதப்பாக இருக்கும், வீட்டைச் சூடாக்கும் கேஸ் மிச்சமாகும், அவ்வளவுதான். மாதிரிப் படத்தை அடியில் வைத்து மேலே மெல்லிய காகிதத்தைப் போட்டு அச்சு அசலாக இழுக்க வேண்டும், பிறகு வண்ணம் தீட்ட வேண்டும். புத்தாண்டுக்கு வாசலில் ஒட்டுகிற படம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பைன் மரக்கிளையில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு வால்காக்கை, கீழே ஒரு புலி. மற்றவர்கள் வரைந்ததைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். "சுவத்துல மாட்டினா யாரு பாப்பாங்க? நானும் என் வீட்டுக்காரரும்தான்" என்று சொல்லிவிட்டு, பொக்-நிம் அதைத் துணிக்குக் கொண்டுபோனாள். கைப்பை, கண்ணாடி உறை, கழுத்துத் துண்டின் ஒரு மூலை, கொண்டை ஊசி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சொமுன் சந்தையில் மேங் சுன்-தொக் அக்காவின் பொத்தான் கடை ஓரத்தில் அவற்றைப் பரப்பி விற்றாள்.

புலிக் கைப்பைதான் சக்கைப்போடு போட்டது. காரணம் அதன் முகம். அகலமான மூக்கு, இரண்டு பக்கமும் சரிந்து விழும் புருவம், இப்போதுதான் திட்டு வாங்கிவிட்டுப் பதில் யோசிக்கிற மாதிரி ஒரு வாய். முதல் நூறு புலிகளை மாதிரிப் படத்தை வைத்துத்தான் வரைந்தாள். அப்புறம் கை பழகிவிட்டது, மாதிரி மேஜை டிராயருக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு புலி கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ நகர்ந்து போயிருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்தவள் சுன்-தொக்.

"அடியேய், இது உன் வீட்டுக்காரர்டி!"

"உளறாதீங்க அக்கா."

"நானா உளறுறேன்? அந்த மூக்கைப் பாரு. தேகு முழுக்கச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் அப்படி இன்னொரு மூக்கு கிடைக்குமா?"

பொக்-நிம் பார்த்தாள். காது வரை சிவந்துபோனாள். ஆனால் மாற்றி வரைந்தாளா என்றால், இல்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் தோ சாங்-வுக், சொந்தப் பட்டறை கடனில் முழுகிய பிறகு, சந்தையிலிருந்து மேட்டுத் தெருவுக்குப் போகும் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவர். வீட்டில் காயப்போட்டிருக்கும் புலிகளைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போவார். ஆனால் புலியிடம் போய்த் தன் முகத்தை யார் தேடுவார்கள்? பொக்-நிம் பயந்ததெல்லாம் வீண் என்றுதான் இரண்டு வருடம் ஓடியது.

அந்தக் குளிர்காலத்தில் சியோலிலிருந்து யூ-ரி என்ற கடைக்காரப் பெண் போன் செய்தாள். புத்தாண்டுக்கு எண்பது புலிக் கைப்பைகள் வேண்டுமாம். "உள்ள லேபிள்ல உங்க பேரையே போடுறேம்மா" என்றாள். பொக்-நிம் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மாண்டு என்னும் தட்டைக் கொழுக்கட்டை இரண்டு தட்டு வாங்கிக்கொண்டாள், ஒரு தட்டை வழியிலேயே தின்று தீர்த்தாள். அவ்வளவு சந்தோஷம்.

அதே வாரம் இரண்டு கல்லூரிப் பெண்கள் சாங்-வுக்கின் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கையில் புலிப் பை. நிமிர்ந்தவள் கண்ணாடியில் டிரைவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மறுபடி டிரைவரைப் பார்த்தாள். "டிரைவரய்யா, கொஞ்சம் இப்படித் திரும்புங்களேன்!" என்று பையை அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

சாங்-வுக் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"முப்பது வருஷமா என்னை இப்படித்தான் பாத்துட்டு இருந்தியா?"

"எப்படி?"

"கோமாளியா. பட்டறை முழுகிப் பஸ் ஓட்ட வந்தப்ப ஊரே சிரிச்சுது, தாங்கிக்கிட்டேன். நீயுமா?"

செருப்பை உதறிவிட்டு நேராகக் குளிக்கப் போனார். ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. சோயா விழுதுக் குழம்பில் உப்புக் கூடினால்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பொக்-நிம்மை அறுத்தது.

டிராயரிலிருந்து பழைய மாதிரிப் படத்தை வெளியே எடுத்தாள். கோடு பிசகாமல் மூன்று புலி வரைந்து சியோலுக்கு அனுப்பினாள். கம்பீரமான புலிகள். மூன்றாம் நாளே யூ-ரி கூப்பிட்டாள்.

"அம்மா, இது யாரு வீட்டுப் புலி? என்னையே முறைக்குது. இது எல்லாக் கடையிலயும் கிடைக்கும்மா. பழைய புலி இல்லேன்னா எனக்கு வேண்டாம்."

பொக்-நிம் பொத்தான் கடையில் நின்றுகொண்டிருந்தாள். "அப்போ வேண்டாம்மா. அந்த முகத்துக்காரருக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு பொத்தான் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். தன் பெயர் போட்ட ஒரே ஒரு லேபிளைப் பார்க்க ஆசைப்பட்டது அப்படி ஒன்றும் பெரிய குற்றமில்லை, பாவம்.

சுன்-தொக் அக்கா அழுகிற ரகமில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு நேராகப் போய் அவர் பஸ்ஸில் ஏறினாள்.

"யோவ், புலி! நிமிந்து பாருய்யா!"

"அக்கா, வண்டி ஓட்டுறேன்."

"ஓட்டு, யாரு வேணாம்னா? காது சும்மாதானே இருக்கு. சியோல் ஆர்டரைத் தூக்கிப் போட்டுட்டா உன் பொண்டாட்டி. முகத்துக்காரருக்கு இஷ்டமில்லையாம்! இந்த மூஞ்சிக்கு இவ்வளவு கிராக்கியா?"

"எந்த மூஞ்சிக்கு?" என்று பின்சீட்டு முள்ளங்கிக்காரி எட்டிப் பார்த்தாள். சுன்-தொக் பையை நீட்டினாள். "அட ஆமா! ஆனா இதுல நல்லாத்தானே இருக்காரு" என்றாள் அவள். மேட்டுத் தெரு வரும்வரை பை கைமாறிக்கொண்டே போனது. சாங்-வுக் ஒரு நிறுத்தத்தை நிறுத்தாமலே தாண்டிவிட்டார்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தார். பொக்-நிம் இன்னும் வரையாத கைப்பைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போட்டிருந்த மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"ஆர்டரை வேண்டாம்னுட்டியாமே."

"ம்."

"உன் பேரைப் போடுறேன்னாங்களாமே."

"போட்டா என்ன, போடாட்டா என்ன."

பழைய பை ஒன்றை இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "அசிங்கமாத்தான் இருக்கேன்" என்றார்.

ஒன்பது நாள் கோபமும் பொக்-நிம்முக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அசிங்கம்னு யாரு சொன்னா? கோமாளின்னு யாரு சொன்னா? எல்லாம் நீங்களா சொல்லிக்கிட்டதுதானே! மாதிரிப் படத்துப் புலி இருக்கே, அதுக்கு மரத்துல பறவை இருக்கறதே தெரியாது. ஊரை முறைச்சுட்டு நிக்குது. அந்தப் புலியை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச புலி, நான் எவ்வளவு கத்தினாலும் என்னையேதான் பாத்துட்டு நிக்கும். பட்டறை போன அன்னிக்கும் அப்படித்தான் நின்னீங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு? இந்த மனுஷன் இருக்கற வரைக்கும் பொழைச்சுக்கலாம்னுதான் தோணுச்சு. அதைத்தான் வரையறேன். வேற ஒண்ணும் எனக்கு வரையத் தெரியாது."

அவர் புலியின் கண் போகும் திசையில் விரலை நகர்த்தி, கிளையில் இருந்த வால்காக்கையைத் தொட்டார்.

"அப்போ அந்தப் பறவை நீயா?"

"பின்னே?"

"ரொம்பச் சின்னதா போட்டிருக்க. சத்தம் இவ்வளவு பெருசா இருக்கே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்பதுலயும் நானேவா?" என்று கேட்டார்.

"எண்பதுலயும் நீங்கதான்."

சாங்-வுக் எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் கட்டிவைத்த மூட்டையை அவரே அவிழ்த்தார்.

"சரி, சியோலுக்குப் போனைப் போடு. முகத்துக்காரன் சம்மதிச்சுட்டான்னு சொல்லு."