அப்துல் மாலிக் படகை ரிப்பேருக்கு விட்ட கதை

செங்கல்பட்டில் லாரி வைத்திருந்தவர்களிடம் அப்துல் மாலிக்கின் பெயரைச் சொன்னால் முதலில் ஒரு கெட்ட வார்த்தை வரும், அப்புறம்தான் பேச்சு வரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல வருஷம் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். நடத்தியவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பேனர் பிடித்தவர் என்றால் ஸ்பேனர் கோபித்துக்கொள்ளும். கை வேலையெல்லாம் ஆட்களுடையது, வாய் வேலை மட்டும் முதலாளியுடையது.

அந்த வாய் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி உள்ளே வந்ததும் ஓனரைப் பார்த்து, "வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க அண்ணாத்த, போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். ஓனர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நன்றாக இருந்த ரப்பரில் பிளேடால் ஒரு கீறல் விழுந்திருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, நெஞ்சில் கையை வைத்து, "என் வண்டியா இருந்தா நான் ரோட்டுல எறக்க மாட்டேன்" என்பார். இன்னொரு லாரியில் கழற்றிய பழைய பேரிங் மண்ணெண்ணெயில் குளித்து, கிரீஸ் பூசிக்கொண்டு, புதுசு என்ற பெயரில் இந்த லாரிக்குள் போகும். இத்தனையும் செய்துவிட்டு மனுஷன் படுத்தவுடன் தூங்கிவிடுவார். அதுதான் எரிச்சலாக இருக்கும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அவருக்குப் படகு ஆசை வந்தது. கோவளத்தில் மைத்துனன் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், மெட்ராஸில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் தன் பைபர் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டார். மகாபலிபுரம் பார்க்க வருகிறவர்களை முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் போதும், உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டார். ஒர்க்‌ஷாப்பை விற்றார், படகை வாங்கினார், மனைவி சைதூனைக் கூட்டிக்கொண்டு கோவளத்துக்கே குடிவந்துவிட்டார்.

கோவளத்தில் யாருக்கும் அவருடைய பழைய கதை தெரியாது. "போட்டு பாய்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீன் வாங்கக் கிளம்புவார். சொத்து என்று சொல்லிக்கொள்ள அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் படகும் அந்தப் பெயரும்தான். படகு போனால் பெயரும் போய்விடும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அது ஸ்டெர்ன் டிரைவ் படகு. எஞ்சின் படகுக்குள்ளேயே, பின்பலகையை ஒட்டி இருக்கும். படகைத் தள்ளும் விசிறியைத் தாங்குகிற கால் வெளியே தண்ணீரில் தொங்கும். இரண்டையும் சேர்க்கிற தண்டு பின்பலகையில் உள்ள ஒரு ஓட்டை வழியாகப் போகிறது. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் வராமல் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. படகு மிதப்பதும் முழுகுவதும் அந்த ரப்பரின் கையில் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள், படகைத் திருப்பும்போது பின்னாலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. மறுநாள் சத்தம் கூடியது. சவாரிக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு நல்ல ஷாப்புல வுடுங்களேன்" என்றாள் சைதூன்.

"நல்ல ஷாப்பா? அப்டி ஒண்ணு எங்க கீது?"

கேள்வி நியாயமானதுதான். தான் நடத்திய ஷாப்பைத் தவிர வேறு மாதிரி ஒரு ஷாப் உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எவனிடம் விட்டாலும் நல்லதைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டுவான், இல்லாத நோயைச் சொல்வான். இது தெரியாதவன்தான் ஷாப்புக்குப் போவான். ஆகவே தானே செய்வது என்று முடிவு கட்டினார்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தார். கைக்கு எட்டிய போல்ட்டையெல்லாம் கழற்றி ஒரு மீன் கூடையில் போட்டார். அப்புறம் கூடையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஏசுதாஸ் நின்று வேடிக்கை பார்த்தான்.

"இன்னா பாய், அவுத்தத மாட்டிகினு கீறியா, மாட்டினத அவுத்துகினு கீறியா?"

சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு வழியாகத் திருகி முடித்தபோது மூன்று போல்ட் மிச்சம் இருந்தது. சத்தமும் அப்படியே இருந்தது.

"இத்தினி வருசம் ஷாப்பு வச்சிருந்தீங்க, ஒரு போல்ட்டு எங்க போவும்னு தெரியல" என்றாள் சைதூன். அவள் குரலில் ஆச்சரியம்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் சம்பத்தை நினைத்தார். செங்கல்பட்டில் அவரிடம் வேலை பார்த்த மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பை விற்றதும் காசிமேட்டுக்குப் போய் லாஞ்சு எஞ்சின் வேலை பழகிக்கொண்டு, இப்போது கேளம்பாக்கத்தில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தான். அவன் நேர்மையானவன் என்று மாலிக் நினைக்கவில்லை. அவனுடைய தில்லுமுல்லு எல்லாம் தன்னுடையது, அதனால் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். படகை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்.

சம்பத் மரியாதையாக எழுந்து வந்தான். படகைச் சுற்றிப் பார்த்தான்.

"வெயில்ல நிக்காதீங்க பாய். போயி டீ குடிச்சிட்டு வாங்க."

மாலிக்குக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எதிர்க்கடைக்குப் போய், நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு ஓடி வந்தார். சம்பத் அதற்குள் விசிறிக் காலை ஒரு பக்கமாகத் திருப்பி, ரப்பர் உறையின் மடிப்பை இரண்டு விரலால் விரித்துப் பிடித்திருந்தான். மடிப்புக்குள் நீளமாக ஒரு வெடிப்பு.

"ரப்பர் போச்சு பாய். இதுல தண்ணி உள்ள போயி பேரிங்க அரிச்சிகினு கீது. அதான் சத்தம். ரெண்டையும் மாத்தணும்." நெஞ்சில் கையை வைத்தான். "என் போட்டா இருந்தா நான் தண்ணில எறக்க மாட்டேன்."

மாலிக் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"டேய் சம்பத்து, யாருகிட்ட காட்ற இந்த வேலைய? அந்தக் கைய மொதல்ல நெஞ்சுலேருந்து எடு. அது என் கையி."

"பாய், பிளேடுல கீறினா நேரா இருக்கும். இது நைஞ்சி போயி வுட்ட வெடிப்பு. தொட்டுப் பாருங்க."

மாலிக் தொடவில்லை. தொட்டிருந்தால் வெடிப்புக்குள் உப்புப் படிந்திருந்தது விரலில் நெருடியிருக்கும். தன் கையால் உண்டாக்காத வெடிப்பை அவர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. இந்த லட்சணத்தில்தான் ஊரில் பாதி லாரி அவரை நம்பி ஓடியது.

சம்பத் மேலே வாதாடவில்லை. "கிரீஸ் மட்டும் அடிச்சி வுடறேன். சத்தம் அடங்கும், தண்ணி அடங்காது" என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

சொன்னபடியே சத்தம் அடங்கியது. மாலிக்கைப் பிடிக்க முடியவில்லை. மீன் ஏலம் நடக்கிற இடத்தில், பள்ளிவாசல் வாசலில், பஸ் ஸ்டாப்பில், பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். "வெறும் கிரீஸுப்பா. அதுக்கு ரப்பர மாத்து, பேரிங்க மாத்துன்றான். வேற எவனாவதா இருந்தா ஏமாந்திருப்பான்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ஏசுதாஸ் வந்து கதவைத் தட்டினான். "போட்டு பாய், கொஞ்சம் வந்து பாரு."

படகு கட்டின கம்பத்திலேயே இருந்தது. பின்பக்கம் முழுவதும் தண்ணீருக்குள். மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரையில் கூட்டம் நின்றது. யாரோ ஒருவன், "வெறும் கிரீஸு தானே பாய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "போட்டு பாய்" என்று அதற்கப்புறமும் கூப்பிட்டார்கள், ஆனால் சிரிக்காமல் யாரும் கூப்பிடவில்லை. மாலிக் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது.

சைதூன் கரையில் நின்றபடியே சொன்னாள்: "சம்பத்து நெஜத்தத்தான் சொல்லிகீறான். நமக்குத்தான் அது பழக்கம் இல்லியே."

படகை இழுத்துக் கரையேற்றி, மறுபடி கேளம்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். சம்பத் ஷெட்டில் கிடந்த முக்காலியை மாலிக் பக்கம் காலால் தள்ளிவிட்டான். செங்கல்பட்டில் லாரிக்காரர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அந்த மாதிரி முக்காலியில்தான். மாலிக் அதில் உட்கார்ந்தார்.

சம்பத் படகுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். எஞ்சினை முழுசாக இறக்க வேண்டும் என்றான். ஸ்டார்ட்டர் போச்சு, வயரிங் போச்சு, பேரிங் போச்சு, ரப்பர் போச்சு என்றான். இதில் ஒவ்வொன்றையும், ஒன்றும் ஆகாத வண்டிக்கு, மாலிக் யாரிடமாவது சொல்லியிருக்கிறார்.

"எல்லாமே நெஜமா போயிடுச்சா, சம்பத்து?"

சம்பத் நெஞ்சில் கையை வைத்தான். "என் போட்டா இருந்தா..."

"வேணாம், சொல்லாத. செய்யி."

"செரி பாய். போயி டீ குடிச்சிட்டு வாங்க."

மாலிக் எழுந்து எதிர்க்கடைக்குப் போனார். இந்தத் தடவை டீயை ஆற வைத்து, மெதுவாகக் குடித்தார். திரும்பி வரும்போது சம்பத் எதைத் தூக்கிக் காட்டினாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.