ரெண்டு மம்பட்டி ஏற்றிய ஜீப்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்குப் பயந்து சாக்குக்குள் புகுந்து, கொழுந்தோடு கொழுந்தாகத் தராசில் ஏறப் பார்த்தவன் நான். நாற்பதை எட்டிப் பார்க்கும் இந்த வயதிலும் அக்கரப்பத்தனைப் பக்கம் போனால் யாராவது ஒருவர் "என்னா தம்பி, எத்தன கிலோ?" என்று கேட்காமல் விடுவதில்லை. அப்படிப்பட்டவனைத்தான் என் அப்பா, சண்டை ஓய்ந்து வடக்குக்கு ரோடு திறந்த வருஷம், காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டிப் போகத் துணைக்குத் தேர்ந்தெடுத்தார்.

அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு கலவரத்தின்போது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தன் ஒற்றைக் காம்பராவைப் பூட்டக்கூட நேரமில்லாமல் கிளம்பி, கிளிநொச்சிக்கும் அப்பால் காட்டை வெட்டிக் குடியேறிவிட்டவர். இடையில் சண்டை வந்து ரோட்டை மூடிவிட்டது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பல காலம். ரோடு திறந்ததும், அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவரிடம் பெரியப்பா சொல்லி அனுப்பினார்: தன் காணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு துண்டு சும்மா கிடக்கிறது, கிணறும் இருக்கிறது, தம்பி வந்து ஒரு தடவை பார்க்கட்டும்.

அந்தச் செய்தி வந்த அன்று அப்பா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா சாப்பிடவே இல்லை. அம்மா பிறந்தது, அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டது, கொழுந்து பறிப்பது எல்லாம் ஒரே மலையில். அவருடைய அக்கா தங்கைகள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். ஆனால் இதையும் அம்மாவின் வெறும் தட்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மிச்சமான நெத்தலிக் கருவாடு எனக்கு வந்தது, அவ்வளவுதான் நான் கவனித்தது.

பஸ்ஸில் போய்விட்டு வரலாமே என்று அம்மா ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"பஸ்ஸு ரோடு இருக்கிற வரைக்கும்தான் போகும்" என்றார் அப்பா. "அண்ணன் வீடு அதுக்கு அப்புறம் இருக்கு."

தலவாக்கலையில் மரக்கறி வியாபாரம் செய்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் நானா. அவர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய ஜீப் நின்றது. ஓட்டம் நின்று வருஷக்கணக்காகி, டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "ஓட வெச்சிட்டா கொண்டு போங்க" என்று நானா தாராளமாகச் சொன்னார். "கோழிக்குத்தான் வேற எடம் பாக்கணும்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இருவரும் ஜீப்புக்கு அடியில்தான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு வேறு ஸ்பேனர் கேட்பார். மலை ரோட்டிலேயே காலம் தள்ளிய டிரைவருக்கு பிரேக்கும் ஹார்னும் மட்டும்தான் வண்டி, மற்றதெல்லாம் அலங்காரம். வடக்கே ரோடு சமதரை, பல மைலுக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது என்று நானா சொன்னபோது அப்பா உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"வளைவு இல்லாட்டி எப்படிங்க நானா முழிச்சிக்கிட்டு ஓட்டுறது?"

ஜீப் முதன்முதலாக இருமிக்கொண்டு உயிர் பெற்ற நாளில் நான் எங்கள் லயத்தின் ராஜா. கடைசிப் பெரிய ரோட்டையும் விட்டு இறங்கி, குளக்கட்டு மேல் ஏறி, காட்டுக்குள் புகுந்து போகப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் ராஜ்ஜியம் மறுநாள் காலை எதிர் லயத்துக் கூட்டாளியைச் சந்திக்கும்வரை நடந்தது. அவன் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். ஆகவே நாட்டு நடப்பு முழுவதும் அவனுக்குத் தெரியும்.

"ரோட்ட விட்டு எறங்குறதா?" என்றான். "மண்ணுக்குள்ள பூரா கண்ணிவெடிடா. டயரு ஏறினா போதும்."

"அப்போ எங்கப்பாவுக்கும்தானே?"

"ரெண்டு பேருக்கும்தான். ஆனா நீ லேசு. நீ இன்னும் ஒசக்க போவ."

அந்த உயரம்தான் என்னைச் சாய்த்துவிட்டது. அன்றிலிருந்து நான் நடப்பதே மாறிப்போயிற்று. பள்ளிக்கூடப் பாதையில் முன்னால் போகிறவனின் காலடித் தடத்தில் மட்டும் கால் வைப்பேன். முன்னால் மாடு போனால் இன்னும் நிம்மதி. என்னைவிடக் கனமான ஒரு ஜீவன் மிதித்துச் சோதித்த மண். அந்த மாடு ஒரு நாள் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் கத்தரிப் பாத்திக்குள் இறங்கியது. நானும் இறங்கினேன். மாட்டை விரட்டிய ஐயா, பின்னாலேயே ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, விரட்டுவதா வைத்தியரிடம் காட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

வீட்டிலோ மூட்டை கட்டுதல் ஆரம்பமாகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் வடக்கு உச்சியில் இருந்தது. எங்கள் பக்கம் மேலே போகப் போகக் குளிர்தான். எனவே, நான் என் இரண்டு ஸ்வெட்டரையும் காது மூடும் குல்லாவையும் எடுத்து வைத்தேன். அம்மா ஒரு பொட்டலம் உப்பும் ஒரு துண்டு சோப்பும் முடிந்து வைத்தார், காட்டுக்குள் அட்டை கடித்தால் தேய்க்க. அப்பா இரண்டையும் பார்த்துவிட்டு இருமல் வருமளவுக்குச் சிரித்தார். "அங்க வெயில்ல மண்ணே வெந்து கெடக்கும். அட்டையும் இல்ல, குளிரும் இல்ல." ஆனாலும் உப்பு வண்டியில் ஏறியது. அட்டை இல்லாத காடு ஒன்று இருக்கும் என்று அம்மா நம்பத் தயாராக இல்லை.

அப்பாவின் மூட்டைதான் வேறு மாதிரி. ரெண்டு மம்பட்டி. ஒரு கோடாரி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி. கயிறு, தார்ப்பாய், ஒரு சாக்கு விதை உருளைக்கிழங்கு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மம்பட்டிகள் ஜீப்புக்குள் இருக்கும். மாலையில் பார்த்தால் வீட்டு மூலையில் சாய்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஜீப்புக்குள். அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே இந்த விளையாட்டு நடந்தது. ஒரு சாயந்தரம் அம்மா கையும் மம்பட்டியுமாக அகப்பட்டுக்கொண்டார்.

"அத எங்க கொண்டு போற?" என்றார் அப்பா.

"அண்ணனப் பாக்கத்தானே போறீங்க? அவரு வீட்டுல மம்பட்டி இருக்காதா?"

"வழியில சேத்துல மாட்டுனா கையாலயா தோண்டுறது?"

"மண்ணே வெந்து கெடக்குற ஊருல சேறு எங்கேருந்து வரும்?"

அப்போதுதான் நான் உள்ளே புகுந்தேன். ஜீப் எங்கேயாவது புதைந்துவிட்டால், இறங்கித் தள்ள வேண்டியது நான். இறங்குவது என்றால் மண்ணில் கால் வைப்பது. அதைவிட வண்டியின் படியில் நின்றபடியே மம்பட்டியால் தோண்டிவிடுவது எவ்வளவோ மேல். ஆகவே, "ரெண்டு மம்பட்டியும் வேணும்மா" என்று அம்மா கையிலிருந்து வாங்கி, நானே கொண்டுபோய் ஜீப்பில் போட்டேன். அப்பா என் தலையைத் தடவினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ எதிரிக் கட்சிக்கு வோட்டுப் போட்டதுபோல் இருந்தது.

வழியில் இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்காரர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால் அப்பா ஒத்திகை வைத்தார். குடையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "கொஹெத யன்னே?" என்று அதட்டினார். எங்கே போகிறாய் என்று யாராவது என்னைத் தினமும் சிங்களத்தில் கேட்பதுதான். பந்து விளையாடுகிற பையன்களில் பாதிப்பேர் சிங்களம்தான். ஆனால் குடையைக் கண்டதும் எனக்குச் சிங்களம், தமிழ் இரண்டும் மறந்துபோய், கைகளைத் தூக்கி, என் பெயர், வகுப்பு, வகுப்பாசிரியர் பெயர் வரை ஒப்பித்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா" என்ற அப்பா அடுத்த கேள்வியைப் போட்டார். "திரும்பி எப்ப வருவீங்க?"

"பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள."

அப்பா குடையைத் தாழ்த்தினார். "அப்படி அடிச்சுச் சொல்லாத. 'போய்ப் பாத்துட்டுச் சொல்றோம்'னு சொல்லு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆர்மிக்காரன்கிட்டயா அப்படிச் சொல்லச் சொல்றீங்க, இல்ல எங்கிட்டயா?"

அதோடு ஒத்திகை முடிந்தது. அப்பா குடையை மடக்கி மாட்டிவிட்டு வெளியே போனார்.

எனக்கு இருந்த கடைசி நம்பிக்கை அம்மாதான். ஆற்றுப் பக்கம் போனாலே கம்பை எடுக்கிறவர். கண்ணிவெடி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், என்னைக் கட்டிப் போட்டாவது நிறுத்திவிடுவார். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் என் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், டயர், மண், நான் போகப்போகும் உயரம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் கையிலிருந்து சோப்பு நழுவி வாய்க்காலோடு போயிற்று. அதை எட்டிப் பிடிக்கக்கூட இல்லை.

சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நீ போயிட்டு வா சாமி" என்றார்.

"கால் போயிருச்சுன்னா?"

"ஒண்ணும் போகாது. நீ பக்கத்துல இருந்தா அவரு கண்ட எடத்துல எறங்க மாட்டாரு."

மகன் துண்டு துண்டாகப் போகப் போகிறான் என்கிறேன். இந்த அம்மா காலரில் அழுக்குத் தேடுகிறார். நான் இவர் பெற்ற பிள்ளைதானா என்று அன்று முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. அவர் கண்ணைத் துடைத்ததும், கையில் இருந்த சோப்பு நுரை பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

புறப்பட்ட காலை மலை முழுவதும் பனி மூட்டம். பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை வாங்கும் இடத்துக்கு, போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா அன்று பெரட்டுக்குப் போகவில்லை. கூட்டாளி வந்து என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான். சின்னம்மா சூடம் காட்டி, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். இது எனக்குத் தெரியாது. அப்பா கியரைப் போட, முன் டயருக்குக் கீழே 'பட்' என்று ஒரு சத்தம்.

நான் அலறிய அலறலில் அப்பா பிரேக்கை மிதித்தார். எங்கள் சொந்த லயத்து வாசலில், புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு முழம்கூட நகராமல், இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கூடைக்காரப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கியிருக்குமா என்று தெரியவில்லை. அப்பாவும் சிரித்துக்கொண்டே இறங்கி, நசுங்கிய பழத்தைப் பார்க்கப் போனார்.

அந்த இடைவெளியில் அம்மா என் பக்கத்துக்கு வந்தார்.

"அப்பாவ அங்கனயே விட்டுட்டு வந்துறாத" என்றார், மெதுவாக.

"நான் எங்கம்மா விடப்போறேன்? அவருதான் என்னைய கூட்டிட்டு வரணும்."

"யாரு யாரக் கூட்டிட்டு வந்தாலும் சரி. பள்ளிக்கூடம் என்னைக்குத் தொறக்குதுன்னு தெனமும் அவருகிட்ட சொல்லிக்கிட்டே இரு. கேக்காட்டியும் சொல்லு. காணியப் பாக்கப் போறப்பவும் கூடவே போயி சொல்லு."

என் படிப்பின் மேல் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறை என்று அன்றுதான் தெரிந்தது. சாகப்போகிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று கோபமும் வந்தது. பயத்தில் ஏதோ உளறுகிறார் என்று பெரிய மனசோடு மன்னித்து, சரி என்று தலையாட்டினேன். அப்பா ஏறி உட்கார்ந்தார். ஜீப் நகர்ந்தது. அம்மா கையசைக்கவில்லை; டிரைவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் காலைச் சீட்டிலிருந்து இறக்காமல், இந்தப் பயணத்தில் பயந்துபோயிருப்பது நான் ஒருவன்தான் என்று முழுமையாக நம்பிக்கொண்டு மலையிறங்கினேன்.