வெள்ளிக்கிழமை விருந்து

இலங்கையில் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. சீமையிலிருந்து புதிதாக வந்த துரை, எதிர்த்துப் பேசியவரை அன்றே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனவர், ஊர் வழக்கம் தெரியாமல், வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் பெரிய ஹோட்டலில் தன் மேசையிலேயே என்னை உட்காரவைத்தார். எதிரே அவர் மனைவி, துரைசானி.

ஆட்டிறைச்சி வந்தது. கத்தோலிக்க வேதக்காரர்களான நாங்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டோம். சொன்னால் வேலை போகும். வீட்டில் நான்கு பிள்ளைகள். முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா பாக்குறது? சாப்பிடு, மேன்!" என்றார் துரை.

"மாதாவே!" என்று மனதுக்குள் கூப்பிட்டபடியே ஒரு துண்டை உதடுவரை கொண்டுபோய்விட்டேன்.

அப்போது துரைசானி தன் தட்டைத் தள்ளிவைத்தார். "இன்று வெள்ளிக்கிழமை. எனக்கு மீன் கொண்டுவா" என்று பரிமாறியவரிடம் இங்கிலீஷில் சொன்னார்.

"எனக்கும் மீனே போதுங்க, தொரை" என்றேன்.

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுல ஒரு கத்தோலிக், தோட்டத்துல ஒண்ணு! சரி, ரெண்டு மீன்!"

வேலை போகவில்லை. ஆனால், அந்த அம்மா வாய் திறந்திராவிட்டால் நான் விழுங்கியிருப்பேன். துரைக்குப் பயந்த அளவு ஆண்டவருக்கு நான் பயப்படவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு நடுங்குகிறது.